மாணவர்கள் கட்டிய ரேஸ் காருக்கு நடுவர்கள் எப்படி மதிப்பெண் இடுகிறார்கள்: ஃபார்முலா பாரத்துக்கு முதன்முறை செல்லும் அணிகளுக்கு

கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ரேஸ் கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு முதன்முறையாகப் பதிவு செய்யும் அணிகள் பலவும் ஒரே கணக்கோடு வருகின்றன: வேகமாக ஓடும் கார் வெல்லும், வேகத்துக்குப் பணம் வேண்டும், பணம் இல்லாத கல்லூரிக்கு அங்கே வேலை இல்லை. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வேயில், அண்மை ஆண்டுகளில் ஜனவரி மாதம் நடந்துவரும் இப்போட்டியின் மதிப்பெண் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால் இந்தக் கணக்கு எவ்வளவு பிசகானது என்பது தெரியும். உலகம் முழுவதும் நடக்கும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளைப் போலவே இங்கும் மொத்த மதிப்பெண் 1000. அதில் பொறியியல் வடிவமைப்புக்கு 150, செலவு மற்றும் உற்பத்திக்கு 100, வணிகத் திட்ட விளக்கத்துக்கு 75 என 325 மதிப்பெண்கள், காரின் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமலேயே, நடுவர்களின் முன்னால் பேசிப் பெற வேண்டியவை. மாணவர்கள் இவற்றை ஸ்டேட்டிக் ஈவென்ட் என்று சொல்வார்கள். எஞ்சிய 675 மதிப்பெண்களுக்குத்தான் முடுக்கம், ஸ்கிட்பேட் எனப்படும் எட்டு வடிவப் பாதை, ஒற்றைச் சுற்று வேக ஓட்டமான ஆட்டோகிராஸ், ஏறத்தாழ 22 கி.மீ. ஓட வேண்டிய எண்டியூரன்ஸ், எரிபொருள் சிக்கனம் ஆகியவை.

எண்டியூரன்ஸில் அனுபவமுள்ள அணிகளின் கார்களே நடுவழியில் நின்றுவிடுவதுண்டு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாய் ஒன்று கழன்றால் போதும், ஓராண்டு உழைப்பு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் 325 மதிப்பெண்ணை எந்தக் கூலன்ட் குழாயும் பறிக்க முடியாது. குறைந்த செலவில் கார் கட்டும் அணிகள் முதலில் கண் வைக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

போட்டி நடக்கும் களத்தின் பெயருக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. கரி என்பது கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தனின் பெயரிலிருந்து வந்தது. வெளிநாட்டு ரேஸ் கார்களை இறக்குமதி செய்ய வசதியில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர வேண்டும் என்பதற்காக, 1980-களின் இறுதியில் மாருதி 800 காரின் இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர் அவர். கையில் கிடைப்பதை வைத்து, ஏன் இப்படிச் செய்தோம் என்று விளக்கத் தெரிந்து கட்டிய காருக்கு அந்த மண்ணில் மரியாதை உண்டு.

முதல் படி: விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படியுங்கள்

விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. ஆகவே சீனியர்கள் கொடுத்த பழைய பிரதியை ஒதுக்கிவிட்டு, நீங்கள் கலந்துகொள்ளும் ஆண்டின் விதிப் புத்தகத்தையும் போட்டி அமைப்பாளர்கள் தனியாக வெளியிடும் கூடுதல் விதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் 710 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. உள்ளே செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்ல வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே குறைந்தது 1525 மி.மீ. இருக்க வேண்டும். மின்சாரக் கார் என்றால் 600 வோல்ட், 80 கிலோவாட் என்ற எல்லைகள் உண்டு. நம் ஊர் அணிகள் பலவும் கே.டி.எம். 390 பைக்கின் ஒற்றை சிலிண்டர் இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் விலை, எடை, உதிரிபாகம் கிடைக்கும் எளிமை ஆகிய மூன்றும் சேர்ந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தால் அதுவே வடிவமைப்பு நடுவருக்கான ஒரு நல்ல பதில்.

ஆவணங்களுக்கான கெடு தேதிகளை ஒரு பெரிய தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். வடிவமைப்பு அறிக்கை, செலவு ஆவணங்கள், காரின் சட்டகமான சேஸிஸின் வலிமையைக் காட்டும் விரிதாள், மோதலின் விசையை வாங்கிக்கொள்ளும் இம்பாக்ட் அட்டென்யுவேட்டரின் சோதனை அறிக்கை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு, தாமதித்தால் மதிப்பெண் கழிக்கப்படும். களத்துக்கு வருவதற்கு முன்பே இப்படி மதிப்பெண்ணை இழப்பதைவிட வருத்தமான விஷயம் வேறில்லை, ஏனென்றால் அதைத் தடுக்க ஒரு ரூபாய் செலவும் தேவைப்படுவதில்லை.

இரண்டாம் படி: மதிப்பெண் இல்லாத வாயிலைக் கடந்து செல்லுங்கள்

தொழில்நுட்பப் பரிசோதனைக்கு மதிப்பெண் கிடையாது. தேறினால் காரில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; எல்லா ஸ்டிக்கரும் ஒட்டப்படாத கார் ஓடுபாதைக்குள் நுழைய முடியாது. ஓட்டுநர் முழு உடையுடன், பெல்ட் போட்ட நிலையிலிருந்து 5 விநாடிக்குள் வெளியே வர வேண்டும். காரை 60 டிகிரி சாய்க்கும்போது எண்ணெயோ தண்ணீரோ சொட்டக் கூடாது, மேல்பக்கச் சக்கரங்கள் மேலே எழும்பவும் கூடாது. சைலென்சர் சத்தம் ஐடிலில் 103 டெசிபலையும் அதற்கு மேற்பட்ட சுழற்சியில் 110 டெசிபலையும் தாண்டக் கூடாது. பிரேக் சோதனையில் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

அணிகள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் போல்ட்டுகளில்தான். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், பெல்ட் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், வலிமையைக் குறிக்கும் 8.8 தரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், லாக் நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு முழு மரைகள் தெரிய வேண்டும். கல்லூரியிலிருந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு ஜூனியரிடம் விதிப் புத்தகத்தையும் ஒரு டார்ச் லைட்டையும் கொடுத்து, காரைக் கட்டியவர்கள் யாரும் உதவாமல் முழுப் பரிசோதனையையும் நடத்தச் சொல்லுங்கள். கட்டியவனின் கண்ணுக்குத் தெரியாத குறை புதியவனுக்கு உடனே தெரியும்.

மூன்றாம் படி: வடிவமைப்பு நடுவர் எதைத் தேடுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்

150 மதிப்பெண்ணுக்கான இந்தப் பிரிவில், நடுவர்கள் சிலர் காரைச் சுற்றி நிற்பார்கள். சஸ்பென்ஷன், சேஸிஸ், இன்ஜின், மின்னமைப்பு என்று ஒவ்வொருவரும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மாணவரிடம் பேசுவார்கள். வாகனத் துறையில் பணிபுரியும் பொறியாளர்களும், முன்பு இதே போட்டியில் கார் கட்டியவர்களும் அவர்களில் இருப்பார்கள். பளபளக்கும் பெயிண்டும் கார்பன் ஃபைபர் உடலும் அவர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் தேடுவது ஒரு சங்கிலி: என்ன இலக்கு வைத்தீர்கள், அதை அடைய என்னென்ன வழிகளை ஒப்பிட்டீர்கள், எதை எந்தக் கணக்கின்படி தேர்ந்தீர்கள், கட்டிய பிறகு அளந்து பார்த்தீர்களா, அளவும் கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில் என்ன முடிவுக்கு வந்தீர்கள். இதில் ஒரு கண்ணி இல்லையென்றாலும் மதிப்பெண் குறையும். கடைசி இரண்டு கண்ணிகளைப் புதிய அணிகள் பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றன, ஏனெனில் கார் போட்டிக்கு முந்தைய இரவில்தான் முடிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். நடுவர் முன்பக்க ஸ்பிரிங்கைத் தொட்டு, "இதை ஏன் போட்டீர்கள்?" என்று கேட்கிறார். "போன வருட காரிலும் இதுதான் சார் இருந்தது" என்பது மிகவும் பலவீனமான பதில். "இன்டர்நெட்டில் மற்ற அணிகள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்பது அதற்கும் கீழே. நல்ல பதில் இப்படிப் போகும்: "முன்பக்கம் மேலும் கீழும் ஆடும் அதிர்வெண்ணுக்கு 3 ஹெர்ட்ஸை இலக்காக வைத்தோம். ஒரு சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை 60 கிலோ. அதன்படி சக்கரத்தில் மி.மீ.க்கு ஏறக்குறைய 21 நியூட்டன் விறைப்பு தேவை. சக்கரம் ஒரு மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் 0.8 மி.மீ. நகர்கிறது, ஆகவே 21-ஐ 0.8-இன் வர்க்கத்தால் வகுத்தால் ஸ்பிரிங் மி.மீ.க்கு 33 நியூட்டன் அளவில் இருக்க வேண்டும். கடையில் கிடைத்தது 35. அதைப் போட்டால் அதிர்வெண் 3.1 ஹெர்ட்ஸாக உயர்கிறது. தனியாக ஸ்பிரிங் செய்யச் சொன்னால் ஆகும் செலவுக்கு அந்த வித்தியாசம் தகாது என்று முடிவு செய்தோம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பணம் போதவில்லை என்பதை அது மறைக்கவில்லை. அதை ஒரு பொறியியல் முடிவாக மாற்றிச் சொல்கிறது. பட்ஜெட் குறைவாக உள்ள அணிக்கு மதிப்பெண் ஈட்டித் தருவது இந்தத் திறமைதான். நடுவர் அடுத்ததாக, "60 கிலோ என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார் என எதிர்பாருங்கள். விலை உயர்ந்த கருவி இதற்குத் தேவையில்லை. வீடுகளில் உடல் எடை பார்க்கும் தராசு நான்கை வாங்கி, தரையைச் சமப்படுத்தி, ஓட்டுநரை உட்காரவைத்து, நான்கு சக்கரங்களின் கீழும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எடையிலிருந்து சக்கரம், ஹப், பிரேக் முதலியவற்றின் எடையைத் தனியே நிறுத்துக் கழித்தால் ஸ்பிரிங் தாங்கும் எடை கிடைத்துவிடும். சேஸிஸின் முறுக்கு விறைப்பையும் இதே போல் அளக்கலாம்: பின்பக்கத்தை அசையாமல் பிணைத்து, முன்பக்கத்தில் ஒரு நீண்ட இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, அதன் ஒரு முனையில் தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டு, சிறு நகர்வையும் காட்டும் டயல் கேஜ் வைத்து எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கணினி சொன்ன விறைப்புக்கும் அளந்த விறைப்புக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். வித்தியாசத்தை ஒளிக்காமல் காட்டி, வெல்டிங் இணைப்புகளையா, பிணைத்த முறையையா, எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று சொல்லும் மாணவரிடம் நடுவர் கூடுதல் நேரம் நின்று பேசுவார்.

நடுவர்கள் கையாலும் பார்ப்பார்கள். முன் சக்கரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுவது வழக்கம். பேரிங் தளர்வாக இருந்தாலும், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் பிராக்கெட் வளைந்துகொடுத்தாலும் அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். குனிந்து பார்ப்பவர்கள் முதலில் தேடும் குறைகளில் ஒன்று, ராடு எண்டை, அதாவது முனையில் திரும்பும் மூட்டுள்ள மரையிட்ட தண்டை, வளையும்படி பொருத்தியிருப்பது. ராடு எண்டின் மரைப்பகுதி இழுவிசையையும் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் வளைக்கும் விசை வந்தால் மரையின் அடியில் விரிசல் விழும். சக்கரத்தின் சாய்வான கேம்பரைத் திருத்தும் வசதிக்காக மேல் கையின் முனையில் அதைப் பொருத்திவிட்டு, பிரேக் பிடிக்கும்போது அதன் மேல் வளைவு விசை வருவதைப் பல புதிய அணிகள் யோசிப்பதில்லை. உங்கள் காரில் அப்படி இருந்து, மாற்ற நேரமும் இல்லையென்றால், விசையைக் கணக்கிட்டு, எந்த அளவு ராடு எண்ட் தாங்கும் என்று காட்டத் தயாராகச் செல்லுங்கள்.

நான்காம் படி: செலவுப் பிரிவை அலட்சியம் செய்யாதீர்கள்

நூறு மதிப்பெண்ணுள்ள இந்தப் பிரிவை ஆடிட்டர் வேலை என்று நினைத்து, அணியில் சேர்ந்த கடைசி மாணவரிடம் கொடுத்துவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அந்த வழக்கம் போக வேண்டும். இங்கு நடுவர் சோதிப்பது, ஒரு பொருளை உற்பத்தி செய்வதில் பணம் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா என்பதைத்தான்.

அடிப்படை ஆவணம் பி.ஓ.எம். எனப்படும் பாகப் பட்டியல். காரில் உள்ள ஒவ்வொரு பாகமும், அதன் மூலப்பொருள், செய்முறை, போல்ட் நட்டு, அதைச் செய்யும்போது அசையாமல் பிடிக்கத் தேவைப்பட்ட ஜிக் முதலியவற்றோடு அதில் இடம்பெற வேண்டும். சஸ்பென்ஷன் கை ஒன்றை எழுதிப் பாருங்கள். இரண்டு குழாய்கள், அவற்றை நீளத்துக்கு அறுப்பது, முனையை மற்றக் குழாயின் வளைவுக்கு ஏற்பக் குடைவது, லேத்தில் கடைந்த பேரிங் கிண்ணங்கள், எல்லாவற்றையும் ஜிக்கில் பூட்டுவது, வெல்டிங்கின் நீளம், பெயிண்ட், பேரிங், போல்ட், வாஷர், நட்டு. ஒரே ஒரு கைக்குப் பத்துப் பதினைந்து வரிகள் வந்துவிடும். முழுக் காருக்கும் நூற்றுக்கணக்கான வரிகள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து இதை நினைவிலிருந்து எழுதுவது நடக்காத காரியம். பாகம் பட்டறையில் உருவாகும் அன்றே, அதைச் செய்தவரே, நேரத்தையும் பொருளையும் ஒரு நோட்டில் குறித்துவிட வேண்டும். கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ உள்ள லேத் பட்டறையில் வேலை கொடுத்திருந்தால், எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய பில் நடுவரின் கேள்விக்கு உதவாது.

நடுவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காரின் ஏதாவது ஒரு மூலையைச் சுட்டிக்காட்டி, "இந்தக் கிளாம்ப் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்பார். பக்கம் உடனே திறக்கப்பட வேண்டும். காரில் இருப்பது பட்டியலில் இல்லாமலும், பட்டியலில் உள்ளது காரில் இல்லாமலும் இருந்தால், மற்ற வரிகளையும் நடுவர் நம்ப மாட்டார். ஸ்பான்சர் இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு விலை பூஜ்யம் என்று எழுதும் எண்ணம் வேண்டாம். உங்களுக்கு இலவசமாக வந்தாலும் அதைச் செய்வதற்கு ஒருவர் செலவு செய்திருக்கிறார், அந்தச் செலவையே நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

பட்டியல் சரியாக இருந்தால், உரையாடல் சுவையான இடத்துக்கு நகரும். சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டை எடுத்துக்கொள்வோம். திட அலுமினியக் கட்டியிலிருந்து, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் குடைந்தால், வாங்கிய உலோகத்தில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் விழும். இயந்திர நேரமும் அதிகம். தகட்டை லேசரில் வெட்டி வெல்டிங் செய்தால் பொருள் வீணாவது குறையும், ஆனால் வெப்பத்தில் கோணம் திரும்பிவிடாமல் பிடிக்க நல்ல ஜிக் வேண்டும், வெல்டிங்குக்குப் பின் பேரிங் துளையை மறுபடி கடைய வேண்டும். எது மலிவு என்பது எத்தனை அப்ரைட் செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் எண்களோடு ஒப்பிட்டுப் பேசத் தெரிந்த மாணவருக்கு, அவர் அணி எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், நல்ல மதிப்பெண் வரும். "இந்தப் பாகத்தின் செலவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னால் எங்கே கை வைப்பீர்கள்?" என்ற வகைக் கேள்விக்கும் விடை இதே பயிற்சியிலிருந்துதான் பிறக்கும்.

ஐந்தாம் படி: வணிகத் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள்

இந்தப் பிரிவில் நடுவர்கள் முதலீட்டாளர்களின் இடத்தில் அமர்ந்திருப்பார்கள். காரை ஒட்டிய ஒரு தொழிலை முன்வைத்து, அதில் ஏன் பணம் போட வேண்டும் என்று 10 நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். நேரம் கடந்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திவிடுவார்கள், பிறகு கேள்விகள் வரும். யார் வாங்குவார்கள், என்ன விலை, எவ்வளவு பணம் தேவை, எப்போது திரும்பி வரும், எதில் ஆபத்து இருக்கிறது என்பவை தெளிவாக இருந்தால் போதும். காரின் தொழில்நுட்பத்தை விவரிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அதற்கான இடம் வடிவமைப்புப் பிரிவு.

ஆறாம் படி: யார் பேசுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

பல மாநிலங்களிலிருந்து நடுவர்களும் அணிகளும் வருவதால் களத்தில் ஆங்கிலமே பொது மொழி. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்கள் இதனாலேயே பின்வரிசைக்குப் போய்விடுவதும், சேஸிஸை வெல்டிங் செய்தவர் வாய் திறக்காமல் நிற்க, அதைத் தொட்டே பார்க்காத ஒருவர் சரளமாகப் பேசுவதும் மனத்தைக் கஷ்டப்படுத்தும் காட்சி. மதிப்பெண் கணக்கிலும் அது நஷ்டமே. நடுவரின் இரண்டாவது கேள்வி எப்போதும் ஆழமாக இறங்கும்; செய்யாதவரிடம் அதற்குப் பதில் இருக்காது. உடைந்த ஆங்கிலத்தில், வரைபடத்தைச் சுட்டிக்காட்டி, எண்களைச் சொல்லி விளக்குபவரை நடுவர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

இதற்குப் பயிற்சி தேவை. போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வாரம் ஒருமுறை ஆசிரியர் ஒருவரையோ பழைய மாணவர் ஒருவரையோ நடுவராக உட்காரவையுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பிறகு "ஏன்?" என்று மூன்று முறை கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது "ஏன்"-க்குப் பதில் இல்லாத இடங்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரத்துக்குள் கணக்கையோ சோதனையையோ செய்துவிடுங்கள். பதில் தெரியாத கேள்வி களத்தில் வந்தால், "இதை நாங்கள் கணக்கிடவில்லை, கணக்கிட்டால் இந்த வழியில் தொடங்குவோம்" என்று நேராகச் சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன எண்ணை அனுபவமுள்ள நடுவர் அடுத்த நொடியே கண்டுபிடித்துவிடுவார், அதன் பிறகு நீங்கள் சரியாகச் சொல்வதையும் சந்தேகத்தோடு கேட்பார்.

காரின் பக்கத்தில் வைக்க வேண்டியவற்றையும் இப்போதே திரட்டுங்கள்: பெரிய எழுத்தில் அச்சிட்ட வரைபடங்கள், சோதனைப் படங்கள், தராசில் எடுத்த எடைகள், உடைந்துபோன பழைய பாகங்கள். உடைந்த பாகத்தைக் கொண்டுவரக் கூச்சப்பட வேண்டாம். விரிசல் விழுந்த ஒரு பிராக்கெட்டையும் அதற்குப் பதிலாகச் செய்த புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நீங்கள் காரை ஓட்டிச் சோதித்திருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏழாம் படி: மதிப்பெண் வந்த பிறகு

பட்டியல் வெளியானதும் கூட்டலைச் சரிபாருங்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் குறுகிய நேரமே தரப்படும், அதை எழுத்தில் தர வேண்டும். எனவே விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அணித் தலைவர் முன்பே படித்திருக்க வேண்டும். நடுவரின் மதிப்பீட்டோடு உடன்படவில்லை என்பது ஆட்சேபத்துக்குப் போதுமான காரணமாகாது, விதியோ கணக்கோ பிசகியிருக்க வேண்டும்.

அதைவிடப் பயனுள்ள வேலை, நடுவர்களிடம் போய் எங்கே குறைந்தது என்று கேட்பது. அவர்கள் நேரம் கொடுப்பார்கள். பலர் அதற்காகத்தான் இந்தப் பணியையே ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு அணியில் இருக்கப்போகும் இரண்டாமாண்டு மாணவர்களைக் கூட அழைத்துச் செல்லுங்கள், சொல்வதை அவர்களே எழுதிக்கொள்ளட்டும். காரை நிறுத்திப் பழுது பார்க்கும் பிட்டில் சாமான் கட்டி ஏற்றுவதற்கு முன்பே அந்தக் குறிப்புகளைச் சேஸிஸ், சஸ்பென்ஷன், செலவு எனப் பிரித்து ஒரே கோப்பில் ஏற்றிவிடுங்கள். கல்லூரிக்குத் திரும்பினால் தேர்வுகள் காத்திருக்கும், ஒரு வாரத்தில் பாதி மறந்துபோகும்.